மயக்கமும் அம்மோனியாவும்

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



விழா நாளில் நோயைப் பற்றிய பேச்சா என்று சிலர் எண்ணலாம். மருத்துவத் தொழிலில் உள்ள நாம் வேறு எதைப் பேசுவது? தமிழறியாத ஊரில் நம் முதியவர் ஒருவர் மருத்துவமனையில் பிதற்றினால், செவிலியருக்கு அது பிதற்றல் என்றே தெரியாது. 'ஏதோ தம் மொழியில் பேசுகிறார்' என்று போய்விடுவர். அறிந்து சொல்ல வேண்டியவர் உடனிருப்பவரே.

புரதம் சிதையும்போது அம்மோனியா என்னும் நச்சுப்பொருள் உண்டாகிறது. குடல் நுண்ணுயிர்களும் அதனை விளைவிக்கின்றன. கல்லீரல் அதனை யூரியாவாக மாற்றும். குடற்குருதி கல்லீரலை அடையாதபடி திருப்பப்பெற்ற நாய்கள் இறைச்சி உண்டபின் நிலைதடுமாறியதை, 1893-ஆம் ஆண்டிலேயே ருஷ்யாவில் பாவ்லவும் அவர் துணைவரும் எழுதி வைத்தனர்.

ஆகவே கல்லீரல் கெட்டவரிடமே இம்மயக்கம் மிகுதி. இரைப்பையில் குருதிக் கசிவு, தொற்று, நீரிறக்கும் மருந்தின் மிகுதி, ஏன், வெறும் மலச்சிக்கல்கூட அதனைத் தூண்டும். பகலில் உறங்கி இரவில் விழித்தல், கிழமை மறத்தல், நீட்டிய கை படபடவென்று அடித்துக்கொள்ளுதல் ஆகியன அதன் அறிகுறிகள்.

கல்லீரல் நலமாயிருந்தும் அம்மோனியா ஏறுவதுண்டு. யூரியாவைச் சிதைக்கும் கிருமி சிறுநீர்ப்பாதையில் பெருகினால் ஏறும். பிறவி நொதிக்குறை உடைய பெண், பிள்ளைப்பேற்றுக்குச் சில நாள் கழித்துக் குழம்பக்கூடும். மனநோய் என்றே வீட்டார் எண்ணுவர். நாம் கண்ட மூதாட்டி ஒருவருக்குக் கல்லீரல் சோதனை யாவும் சரியாகவே இருந்தன. மூன்றாம் நாள்தான் மருமகள், "வலிப்புக்கு ஒரு மாத்திரை உண்டே" என்றார். வால்ப்ரோயேட்! அதனை மாற்றியபின் தெளிவு வந்தது. (தாமாக எவரும் அம்மாத்திரையை நிறுத்திவிட வேண்டா, வலிப்பு மீளும்.)

சோதனையிலும் ஒரு நுட்பம் உண்டு. எடுத்த குருதியைப் பனிக்கட்டியில் வைத்து விரைந்து ஆராயாவிடின், குழாயிலேயே அம்மோனியா பெருகிப் பொய்க்கணக்குக் காட்டும்.

கல்லீரல் நோயாளருக்குப் பருப்பையும் தயிரையும் நிறுத்திவிடலாமா என்று தாய்மார் கேட்கின்றனர். முன்னாளில் மருத்துவரே அவ்வாறு பணித்ததுண்டு. இன்று அங்ஙனம் நிறுத்துவதில்லை. லாக்டுலோஸ் என்னும் இனிப்பு மருந்தால் நாளொன்றுக்கு இரண்டு மூன்று முறை மலம் இளகிப் போகச் செய்து, உணவைக் குறைக்காது ஊட்டுகின்றனர். தசையும் அம்மோனியாவை ஏற்றுக் கழிக்க உதவுவது. பட்டினியால் தசை கரைந்தால் அத்துணையும் போய்விடும்.