வளரும் பிள்ளைக்கு ஏற்ற உடை

சென்ற தீபாவளிக்கு எம் மகளுக்குக் குடைபோல் விரியும் வட்டப் பாவாடை ஒன்று தைக்கக் கொடுத்தோம். தில்லியில் நம் தெருத் தையற்காரர் பாவாடையோடு சிறு மூட்டை ஒன்றையும் தந்தார். இந்தியில் ‘கத்ரன்’ எனப்படும் வெட்டுத் துண்டுகளே அவை. விலை கொடுத்து வாங்கிய துணியில் எத்தனை பங்கு அம்மூட்டைக்குள் போயிற்று என்று அன்றிரவு கணக்கிட்டோம்.

சதுரத் துணியில் வட்டம் வெட்டினால் நான்கு மூலைகளிலுமாக நூற்றுக்கு 21 பங்குக்குமேல் கழிந்துவிடும். இடுப்புக்காக நடுவில் வெட்டுவது வேறு. இது வடிவத்தின் குற்றமேயன்றித் தையற்காரரின் குற்றமன்று. வட்டமான விளிம்பை அகலமாக மடித்துத் தைக்கவும் இயலாது. ஆகவே பிள்ளை வளர்ந்தாள், பாவாடை வளரவில்லை.

நம் அன்னையர் தைத்த பட்டுப் பாவாடையை நினைவுகூர்வோம். கரையை வளைத்து வெட்டலாகாது என்பதால், துணியை நீளவாட்டில் வைத்து, மேல்விளிம்பைச் சுருக்கி, இடுப்புப் பட்டியில் இணைத்தனர். அதில் கழிவென்பதே இல்லை. கரைக்குமேல் ‘டக்’ பிடித்தனர். ஓர் அங்குல ஆழமுள்ள மடிப்பைப் பிரித்தால் இரண்டு அங்குல நீளம் கிடைக்கும். மடிப்பு இரண்டாயின் நான்கு அங்குலம்.

நாம் குடியேறிய இவ்வட புலத்திலும் இவ்வறிவு உண்டு. பழைய முறைக் குர்த்தாவில் முன்னும் பின்னும் கைகளும் நீள்சதுரங்கள். அக்குளில் சிறு சதுரம். பக்கங்களில் வைக்கும் சாய்வுத் துண்டுக்குக் ‘கலீ’, அதாவது மொட்டு, என்று பெயர். ஒரு நீள்சதுரத்தைச் சாய்வாக வெட்டினால், ஒன்றின் அகன்ற முனை மற்றதன் குறுகிய முனையருகே அமைய, இரண்டு கலீ கிடைக்கும். இடையில் ஏதும் வீணாவதில்லை. கழுத்தில் மட்டுமே சிறிது கழியும்.

2017ஆம் ஆண்டில் இலண்டனில் ரையன் யாசின் என்னும் இளைஞர், நுண்மடிப்புகள் விரிந்து பிள்ளையோடு நீளும் உடையை வகுத்துப் பிரிட்டனின் ஜேம்ஸ் டைசன் பரிசைப் பெற்றார். மடிப்பின் பயனை அறிந்த நம் பாட்டிமார் இதைக் கேட்டால் மகிழ்வரேயன்றி வியப்படையார்.

ஆகவே, அடுத்த முறை துணி எடுக்குமுன் வடிவத்தைத் தீர்மானிப்போம். நேர்க்கோட்டில் வெட்டுமாறும், உள்ளே மடிப்பு வைக்குமாறும் தையற்காரரிடம் சொல்வோம். மடிப்பைப் பிரித்த இடத்தில் நிறம் மங்காத கோடு ஒன்று தெரியும். அதை மறைக்க வேண்டுவதில்லை. நம் பிள்ளை ஓராண்டில் எவ்வளவு வளர்ந்தாள் என்பதை அக்கோடு கூறும்.