ஓய்வு நாளும் பயிற்சியில் அடக்கம்

(ஜமாஅத் ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

அதிகாலையில் நடைப்பயிற்சிக்குச் செல்லும் பெரியவர்களையும், மாலையில் உடற்பயிற்சிக் கூடத்தை நாடும் இளைஞர்களையும் நம்மிடையே காண்பது மகிழ்ச்சிக்குரியது. ஆயினும் பயிற்சியைத் தொடங்கியோர் பலருக்கும் ஓர் ஐயம் எழுகிறது. ‘நாள் தவறாமல் செய்ய வேண்டுமா? இடையில் ஒரு நாள் ஓய்வெடுத்தால் இதுவரை பெற்ற பலன் போய்விடாதா?’ என்பதே அது.

இதற்குத் தெளிவான விடை இல்லாமையால் இருவகைக் கேடுகள் விளைகின்றன. ஒரு சாரார் வலியையும் பொருட்படுத்தாது உடலை வருத்தி, முழங்காலையோ தோளையோ கெடுத்துக்கொண்டு, பின்னர் பயிற்சியையே கைவிடுகின்றனர். மற்றொரு சாரார் ஒரு நாள் ஓய்வு எனத் தொடங்கி, அதனை ஒரு மாதமாக நீட்டிவிடுகின்றனர். புறப்பட்ட வழிகள் வேறாயினும் இரு சாராரும் வந்து சேரும் இடம் ஒன்றே.

உடலுக்குள் நிகழ்வதை முதலில் அறிந்துகொள்வோம். கடும் பளுவைத் தூக்கும்போது தசை நார்களில் நுண்ணிய சிதைவுகள் ஏற்படுகின்றன. அவற்றைச் செப்பனிட்டு வலுப்படுத்தும் பணி பயிற்சிக்குப் பின்னர் ஏறத்தாழ 24 முதல் 48 மணி நேரம் வரை மும்முரமாக நடைபெறுகிறது. தசையில் சேமித்துள்ள கிளைக்கோஜன் என்னும் எரிபொருள் தீர்ந்துவிட்டால், அது மீண்டும் நிரம்ப நல்ல உணவும் சுமார் ஒரு நாள் அவகாசமும் வேண்டும். எலும்பின் கணக்கோ இன்னும் நீண்டது. பழகாத சுமையைத் தாங்கும் எலும்பில் பழைய பகுதி முதலில் அரித்து நீக்கப்பட்டு, அதன் பின்னரே புதியது படிகிறது. இதற்கு வாரங்களும் மாதங்களும் ஆகும். இடைவெளியின்றி ஓடுவோரின் கால் எலும்பில் மயிரிழை போன்ற விரிசல் தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணம். தளம் போட்ட மறுநாளே முட்டுகளை உருவிவிட்டு அதன்மேல் சுமையேற்றும் கொத்தனார் எவரேனும் உண்டா?

ஓட்டப் பந்தய வரலாற்றிலிருந்து ஒரு சான்று கூறுவோம். 1954ஆம் ஆண்டில் ரோஜர் பானிஸ்டர் என்னும் ஆங்கிலேய மருத்துவ மாணவர் ஒரு மைல் தூரத்தை நான்கு நிமிடத்திற்குள் ஓடிவிட முயன்றுகொண்டிருந்தார். கால் மைல் தூரத்தைப் பத்து முறை ஓடுவது அவருடைய பயிற்சி. ஆனால் ஒவ்வொரு முறைக்கும் ஆகும் நேரம் 61 வினாடிக்குக் கீழே இறங்க மறுத்தது. அந்நிலையில் அவர் ஓட்டத்தை நிறுத்திவிட்டு, நண்பருடன் ஸ்காட்லாந்து மலைகளில் சில நாட்கள் ஏறித் திரிந்தார். திரும்பி வந்து ஓடியபோது 59 வினாடியே ஆயிற்று. பந்தயத்திற்கு முந்தைய ஐந்து நாட்களிலும் அவர் பயிற்சி ஓட்டம் ஓடவில்லை. மே 6 அன்று ஆக்ஸ்போர்டில் 3 நிமிடம் 59.4 வினாடியில் ஓடி முடித்தார். ஓய்வு மட்டுமே அச்சாதனையைத் தந்தது என நாம் கூறவில்லை. நீண்ட உழைப்பின் பயனை வெளிக்கொணர்ந்ததில் ஓய்வுக்கும் பங்குண்டு என்கிறோம்.

எனினும், ஓய்வு எல்லை மீறினால் என்னாகும்? 1966ஆம் ஆண்டு அமெரிக்காவின் டல்லாஸ் நகரில், இருபது வயதுடைய ஐந்து ஆரோக்கியமான இளைஞர்களை மூன்று வாரங்கள் படுக்கையிலேயே இருக்கச் செய்து ஆராய்ந்தனர். உடல் உயிர்வாயுவைப் பயன்படுத்தும் உச்சத் திறன் அவர்களிடம் கால் பங்குக்கு மேல் குறைந்துபோயிற்று. முப்பது ஆண்டுகளுக்குப் பின்னர் அதே ஐவரையும் மீண்டும் சோதித்தபோது, முப்பது ஆண்டு முதுமை செய்ததைவிட அந்த மூன்று வாரப் படுக்கை செய்த கேடே பெரிது எனத் தெரியவந்தது.

ஆகவே யாருக்கு எவ்வளவு ஓய்வு என்பதே நம்முன் உள்ள வினா. மிதமான பயிற்சி வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடங்கள், தசை வலுவூட்டும் பயிற்சி வாரத்தில் இரு நாட்களேனும் என்பது 2020இல் உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு வகுத்த அளவு. அரை மணி நேரம் சற்று வேகமாக நடப்போர் நாள்தோறும் நடக்கலாம். வாரத்தில் ஐந்து நாட்கள் நடந்தாலும் அந்த அளவு நிறைவேறிவிடும். பளு தூக்குவோர் ஒரே தசைப் பகுதிக்கு அடுத்தடுத்த நாட்களில் சுமை தராதிருப்பது நலம். நெடுந்தூரம் ஓடுவோருக்கு வாரத்தில் ஒரு நாளாவது ஓட்டமின்றி இருத்தல் வேண்டும். வயது கூடக்கூட உடல் தேறுவதற்கான அவகாசமும் கூடுகிறது.

சர்க்கரை நோயுள்ளோர் இதனைத் தனியே கருத்தில் கொள்ள வேண்டும். பயிற்சியால் இன்சுலின் நன்கு வேலை செய்யும் நிலை ஓரிரு நாட்களில், மிஞ்சினால் மூன்று நாட்களில், மங்கிவிடுகிறது. ஆதலால் தொடர்ந்து இரண்டு நாட்களுக்கு மேல் பயிற்சியின்றி இருக்கலாகாது என்பது மருத்துவ அறிவுரை. இன்சுலினோ மாத்திரையோ எடுப்போர், சர்க்கரை திடீரெனத் தாழாதிருக்க, பயிற்சி அளவை மருத்துவரிடம் கேட்டு அமைத்துக்கொள்வார்களாக.

ஓய்வு நாள் என்பது கட்டிலில் கிடக்கும் நாள் அன்று. மெதுவாக நடக்கலாம், வீட்டு வேலைகளைச் செய்யலாம். இரவில் ஏழு மணி நேரமேனும் உறங்க வேண்டும். காலை நாடித்துடிப்பு வழக்கத்தைவிட மிகுந்திருத்தல், உறக்கம் கெடுதல், பழகிய தூரமே பாரமாகத் தோன்றுதல், ஓரிடத்தில் மட்டும் வலி நிலைத்தல் ஆகியவை உடல் ஓய்வு கேட்கும் அடையாளங்கள். நெஞ்சு வலியோ, காரணமற்ற மூச்சுத்திணறலோ தோன்றினால் ஓய்வெடுத்துப் பார்ப்போம் எனக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.

சகோதரர்களே! ஓய்வு நாளை முன்னதாகவே குறித்துக்கொள்ளுங்கள். மீண்டும் தொடங்கும் நாளையும் சேர்த்தே குறித்துக்கொள்ளுங்கள். நம்முடன் நடப்பவர் இரண்டு நாட்கள் வரவில்லையெனில், மூன்றாம் நாள் காலையில் அவர் வீட்டுக் கதவைத் தட்டுவோம். உடல் நலமில்லையெனில் நலம் விசாரித்து வருவோம். சோம்பல்தான் காரணமெனில் உடன் அழைத்துக்கொண்டு நடப்போம்.