பிரயாணமும் விஷஜுரமும்

(நம் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



கல்வி நிதியைப் பற்றியும் தொழில் விருத்தியைப் பற்றியும் பேசுவதற்கு என்னிலும் தகுதியுடையோர் இச்சபையில் பலர் இருக்கின்றனர். நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் சுபகரமானதன்று. ஆயினும் நம் குடும்பங்களுக்கு மிக வேண்டியது என்று கருதியே எழுந்தேன்.

காய்ச்சல் என்றால் நாம் அஞ்சுவதில்லை. "கஷாயம் குடித்தால் மூன்றாம் நாள் விட்டுப் போகும்" என்கிறோம். பெரும்பாலும் அப்படியே போகிறது. ஆனால் இன்புளுயன்ஸா என்னும் விஷஜுரம் எல்லாரிடத்தும் அவ்வளவு தயை காட்டுவதில்லை. அது சாதாரணத் தடுமன் அன்று. காலையில் நடமாடியவன் மாலையில் எழ இயலாதபடி படுப்பான். கிருமி நுரையீரலைப் பற்றுமாயின் மூச்சுத் திணறல் உண்டாகி, சில நாட்களில், சிலருக்கு ஓரிரு நாட்களிலேயே, உயிர் போய்விடும். 1918-ஆம் ஆண்டில் உலகெங்கும் பரவிய இந்நோய், இந்தியாவில் மாத்திரம் ஒரு கோடிக்கு மேற்பட்டவர்களை மாய்த்தது. முதலில் பம்பாய்த் துறைமுகத்தில் தோன்றிப் பின் புகைவண்டிப் பாதைகளின் வழியே உள்நாடெங்கும் சென்றது. முதியோரையும் குழந்தைகளையும் மாத்திரமன்றி, இருபது முதல் நாற்பது வயது வரையுள்ள திடகாத்திரர்களையும் அது வாரிக்கொண்டு போயிற்று.

இந்நோய்க்குக் கால்கள் இல்லை. நம் கால்களே அதன் கால்கள். இதற்கு ஓர் உண்மை வரலாற்றைச் சொல்லுகிறேன்.

1918 அக்டோபர் இறுதியில் நியூஸிலாந்தின் ஆக்லாந்து துறைமுகத்திலிருந்து தாலூன் என்னும் கப்பல் பசிபிக் தீவுகளை நோக்கிப் புறப்பட்டது. ஆக்லாந்தில் அப்போது விஷஜுரம் பரவிக்கொண்டிருந்தது. நம் தமிழ் மக்கள் பலர் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றிருந்த பிஜியில் அக்கப்பல் தனிப்படுத்தி வைக்கப்பட்டது. எனினும் அத்தீவுகளிலும் நோய் புகுந்து பல்லாயிரவரைக் கொன்றது. நவம்பர் 7-ஆம் தேதி கப்பல் மேற்குச் சமோவாவின் ஆபியா துறையை அடைந்தது. அங்கே தடை ஒன்றும் விதிக்கப்படவில்லை. நோயுற்றவர்களும் கரையிறங்கினர். இறங்கியவர்கள் தத்தம் ஊர்களுக்குப் போயினர். உற்றார் அவர்களை அன்புடன் எதிர்கொண்டனர்.

சில வாரங்களுள் சுமார் 8,500 பேர் மாண்டனர். அது அந்நாட்டு ஜனத்தொகையில் நூற்றுக்கு இருபத்திரண்டு பங்கு. சடங்கு செய்ய நேரமின்றிப் பிரேதங்களைப் பாயில் சுற்றிப் பொதுக் குழிகளில் புதைத்தனர். அக்காலத்தில் அத்தீவுகள் நியூஸிலாந்தின் ஆட்சியில் இருந்தன. 84 ஆண்டுகள் கழித்து, 2002-ஆம் ஆண்டில், நியூஸிலாந்துப் பிரதமர் ஹெலன் கிளார்க் அம்மையார் சமோவாவுக்கே சென்று அம்மக்களிடம் மன்னிப்புக் கோரினார்.

இனி அண்டையிலுள்ள அமெரிக்கச் சமோவாவைப் பாருங்கள். அதே கடல், அதே மக்கள், அதே மொழி. அங்கே ஆளுநராயிருந்த ஜான் போயர் வரும் கப்பல்களைத் தனிப்படுத்தினார். ஊர் மக்களும் அவருடன் ஒத்துழைத்துக் கடற்கரையைக் காவல் புரிந்தனர். அடுத்த தீவிலிருந்த சுற்றத்தாரைக்கூட உள்ளே விடவில்லை. அவ்விஷஜுரத்தால் அங்கே ஓர் உயிரும் போகவில்லை. உறவினரைத் தடுத்து நிறுத்துவது கல்நெஞ்சம் என்று சிலர் அன்று எண்ணியிருக்கக்கூடும். எது அன்பு என்பதை விளைவே காட்டிவிட்டது.

அன்பர்களே! இவ்வளவு தூரத்துக் கதையை நான் சொல்லுவதற்குக் காரணம் என் வீட்டிலேயே உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் தமக்கையின் மகளுக்கு வெளியூரில் விவாகம். புறப்படுவதற்கு முதல் நாள் என் தமையனாருக்குக் கடுங்காய்ச்சல் கண்டது. "தாய்மாமன் இல்லாமல் மணமேடையா? சம்பந்தி வீட்டார் என்ன நினைப்பார்கள்?" என்றார். நானும் தாய்மாமன்தானே, முறையை நான் செய்கிறேன் என்றேன். "மூத்தவன் இருக்க இளையவன் செய்வதா?" என்று மறுத்துவிட்டு, மாத்திரை விழுங்கிப் பேருந்தில் ஏறினார். யாரிடமும் சொல்லாதே என்று என்னிடம் கேட்டுக்கொண்டார். நானும் சொல்லவில்லை. ஜன்னல்களை அடைத்த வண்டியில் நாற்பது பேர் இரவு முழுவதும் பிரயாணம் செய்தோம். மாலை எடுத்துக் கொடுத்தார், சீர் செய்தார், ஐந்தாம் நாள் ஆஸ்பத்திரியில் காலமானார். அதே வண்டியில் வந்த ஒரு பாட்டியாரும் பத்து நாளில் அவரைப் பின்தொடர்ந்தார். அவ்வம்மையாரின் மக்கள் இச்சபையில் இருக்கிறார்கள். நான் வாய் திறந்திருந்தால் என்ற எண்ணம் இன்றும் என்னை விட்டு அகலவில்லை. அவர்கள் முன்னிலையில் இதை ஒப்புக்கொள்ளவே இன்று எழுந்தேன்.

ஆதலால் சில விஷயங்களை மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டுகிறேன். நோய்க்குறி தோன்றுவதற்கு ஒரு நாள் முன்னதாகவே இந்நோய் பிறருக்குத் தொற்றக்கூடும். கண்டபின் ஐந்து முதல் ஏழு நாள் வரையிலும் தொற்றும். மாத்திரையால் உடற்சூடு தணிவதனால் தொற்று நீங்கிவிட்டதென்று எண்ணலாகாது. மூச்சு வாங்குதல், மார்பு வலி, உதடு நீலம் பாரித்தல், அறிவு தடுமாறுதல், விட்ட காய்ச்சல் மீண்டும் கடுமையாய்த் திரும்புதல் ஆகிய இவற்றில் ஒன்று கண்டாலும், ஊர் போய்ச் சேர்ந்து பார்த்துக்கொள்ளலாம் என்று தாமதியாமல், வழியிலுள்ள ஆஸ்பத்திரியை நாடவேண்டும். இந்நோய்க்குரிய மருந்தை முதல் இரண்டு நாட்களுக்குள் தொடங்குவதே மிகுந்த பயன் தரும். கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள், முதியோர், நீரிழிவும் இருதய நோயும் உடையோர் முதற்குறியிலேயே வைத்தியரிடம் செல்லுதல் நலம். ஆண்டுதோறும் இட்டுக்கொள்ளத்தக்க தடுப்பூசியும் உண்டு. யாத்திரைக்குச் செல்லும் முதியோர் வைத்தியரைக் கேட்டு முன்னதாகவே அதனைப் போட்டுக்கொள்ளலாம்.

ஆனால் மருந்தாலும் ஊசியாலும் தீராத பிணி ஒன்று நம்மிடம் உண்டு. விசேஷத்துக்கு வராதவரைப் பகைக்கும் வழக்கமே அது. அவ்வச்சத்தாலேயே நோயாளி நோயை மறைக்கிறான். எனவே இச்சபையின் முன் ஒரு வேண்டுகோளை வைக்கிறேன். காய்ச்சலின் பொருட்டுக் கல்யாணத்துக்கோ, காரியத்துக்கோ, நம் சங்கக் கூட்டத்துக்கோ வராதவரை வராதவராக எண்ணுவதில்லை என்றும், அவர் செய்யவேண்டிய முறையைப் பங்காளிகளில் ஒருவர் செய்தால் அவரே செய்ததாகக் கொள்வதென்றும் நாம் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். பெரியோர்கள் இதனை ஒப்புவார்களாயின் இளையோர் கூசாமல் கைக்கொள்வார்கள்.

அத்தீர்மானம் அன்று இருந்திருக்குமாயின் என் தமையனார் வண்டியில் ஏறியிருக்கமாட்டார். இனி நம் குடும்பங்களில் எவரும் அவ்வாறு ஏறாதிருக்கும்படி செய்வது இச்சபையின் கையில் இருக்கிறது.