கேள்வி உங்களுடையதாக இருக்கட்டும்

உளவியலிலோ சமூகப்பணியிலோ உயிர்வேதியியலிலோ முதுகலை முடித்துவிட்டு, குடிநோயையும் போதைப் பழக்கத்தையும் ஆராய்ந்து பிஎச்.டி. செய்ய நினைக்கும் இளைஞர்கள் சிலர் இப்போது கேட்டுக்கொண்டிருக்கலாம். அவர்களின் பெற்றோரும் கேட்டுக்கொண்டிருக்கலாம். "இதைப் படிக்க யார் பணம் கொடுப்பாங்க?" என்பதுதான் அந்த வீடுகளில் எழும் முதல் கேள்வி. அந்தப் பணத்துக்கு எப்படி விண்ணப்பம் எழுதுவது என்று இன்று பேசலாம்.

இந்தத் துறைக்கு ஆட்கள் எவ்வளவு தேவை என்பதற்கு ஒரு கணக்கு சொல்கிறேன். மத்திய சமூகநீதி அமைச்சகத்துக்காக டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் போதைச் சிகிச்சை மையம் நாடு முழுக்க ஆய்வு நடத்தி 2019-ல் அறிக்கை வெளியிட்டது. மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவதொரு சிகிச்சை கிடைத்ததாகச் சொல்லியிருக்கிறார். மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்றவரோ 180 பேருக்கு ஒருவர். மற்றவர்கள் ஏன் வருவதில்லை? வந்தவர்கள் ஏன் பாதியில் நின்றுவிடுகிறார்கள்? இவற்றுக்கெல்லாம் நம் ஊர் நோயாளிகளிடமும் அவர்கள் வீட்டாரிடமும் போய்த்தான் பதில் தேட வேண்டும்.

விண்ணப்பத்துக்கு வருவோம். பெரும்பாலான ஆய்வு வரைவுகளில் முதல் இரண்டு பக்கம் மதுவின் தீமைகளாகவே இருக்கும். இத்தனை கோடிப் பேர் குடிக்கிறார்கள், இத்தனை குடும்பங்கள் அழிகின்றன என்று எழுதியிருப்பார்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் வரைவை வாசிக்கும் நிபுணர்களுக்கு அது முன்பே தெரியும். நீங்கள் எதைக் கண்டுபிடிக்கப் போகிறீர்கள் என்று தெரிந்துகொள்ளவே அவர்கள் வரைவைத் திறக்கிறார்கள். 'தமிழ்நாட்டில் மதுப்பழக்கம்: ஓர் ஆய்வு' என்ற தலைப்பில் கேள்வியே இல்லை. மாறாக, 'சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவரின் மனைவியையோ தாயையோ முதல் மூன்று மாதம் வாரந்தோறும் ஒரு செவிலியர் தொலைபேசியில் அழைத்துப் பேசினால், நோயாளி மறுபரிசோதனைக்குத் தவறாமல் வருவாரா?' என்று கேட்டுப் பாருங்கள். யாரைப் பார்ப்பீர்கள், எதை அளப்பீர்கள், எவ்வளவு காலம் ஆகும், எவ்வளவு செலவாகும் என்பதெல்லாம் அந்த ஒரு வாக்கியத்திலிருந்தே கிளைத்து வரும்.

அமெரிக்காவின் தேசியப் போதை ஆய்வு நிறுவனம் முனைவர் பட்ட மாணவர்களுக்குத் தரும் 'எஃப் 31' உதவித்தொகையில், ஆய்வின் நோக்கங்கள் முழுவதையும் ஒரே பக்கத்தில் எழுதிவிட வேண்டும். நல்ல கட்டுப்பாடு அது. நீங்கள் எங்கே விண்ணப்பித்தாலும் முதலில் அந்த ஒரு பக்கத்தை எழுதிவிடுங்கள். எழுத வரவில்லையென்றால் கேள்வி இன்னும் பழுக்கவில்லை என்று பொருள். (அந்த உதவித்தொகை அமெரிக்கக் குடிமக்களுக்கும் அங்கே நிரந்தர வசிப்புரிமை பெற்றவர்களுக்கும் மட்டுமே. இது தெரியாமல் அதற்காக மாதக்கணக்கில் உழைத்துவிடாதீர்கள்.)

சரியான அளவில் ஒரு கேள்வி இருந்தால் என்ன நடக்கும் என்பதற்குக் கோவாவில் நடந்த ஆய்வு ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். சங்காத் என்ற தொண்டு நிறுவனத்தின் அபிஜித் நட்கர்னி, விக்ரம் படேல் முதலானோர் கேட்டது இதுதான்: மருத்துவரோ உளவியலாளரோ அல்லாத ஒருவர், பயிற்சி மட்டும் பெற்று, ஆரம்ப சுகாதார நிலையத்தில் உட்கார்ந்து பேசினால், தீங்கான அளவில் குடிப்பவர் மாறுவாரா? 10 சுகாதார நிலையங்கள், 377 ஆண்கள், ஒருவருக்கு அதிகபட்சம் நான்கு அமர்வுகள். மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது, ஆலோசனை பெற்றவர்களில் 36 சதவீதம் பேர் ஆபத்தான குடியிலிருந்து வெளியே வந்திருந்தார்கள். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் அது 26 சதவீதம். தொடர்ந்து குடித்தவர்கள் குடிக்கும் அளவில் வேறுபாடு இல்லை என்பதையும் அவர்கள் மறைக்காமல் எழுதினார்கள். 2017-ல் 'லான்செட்' இதழ் அதை அச்சிட்டது. மனநல மருத்துவர்கள் போதாத ஒரு நாட்டுக்கு இது எவ்வளவு பெரிய செய்தி என்று யோசித்துப் பாருங்கள்.

இப்படிப்பட்ட கேள்வி நூலகத்தில் மட்டும் கிடைக்காது. சென்னையில் 1980-ல் சாந்தி ரங்கநாதன் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனையில் நோயாளியோடு குடும்பத்தாருக்கும் சேர்த்தே சிகிச்சை தருகிறார்கள். கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்தவர் அவர். வீட்டில் இருப்பவர் என்ன பாடுபடுகிறார் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. நீங்களும் வரைவு எழுதுமுன் ஒரு மீட்பு மையத்தில் அனுமதி பெற்றுச் சில வாரங்கள் உட்காருங்கள். மீண்டு வந்தவர்களிடமும் அவர்கள் மனைவியரிடமும் உங்கள் கேள்வியைச் சொல்லிப் பாருங்கள். "இதைக் கேட்டு என்ன தம்பி ஆகப்போகுது?" என்று ஒரு அம்மா சொன்னால், எந்த நிபுணர் குழுவின் கருத்தையும் விட அதற்கு மதிப்புக் கொடுங்கள். ஆய்வுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுவின் முன் போகும்போதும் இந்தப் பழக்கம் கைகொடுக்கும். போதையில் இருப்பவரிடம் ஒப்புதல் கையெழுத்து வாங்க முடியாது, எப்போது வாங்குவது? அவர் சொன்னது வெளியே கசிந்து வேலை போய்விட்டால் என்ன செய்வது? பதில்களை வரைவிலேயே எழுதிவிடுங்கள்.

பணம் வரும் வழிகளில் நமக்குப் பழக்கமானது தேசியத் தகுதித் தேர்வான நெட். ஆண்டுக்கு இருமுறை நடக்கிறது. ஜே.ஆர்.எஃப். எனப்படும் இளநிலை ஆய்வு உதவித்தொகைக்குத் தகுதி பெற்றால் முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000 ரூபாய். இது 2023 முதல் உள்ள தொகை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சமூக அறிவியல் ஆராய்ச்சிக் கழகமும் உதவித்தொகை தருகின்றன. பிரிட்டனுக்குப் போக விரும்புவோருக்குக் காமன்வெல்த் உதவித்தொகை இருக்கிறது. எனக்கு ஜே.ஆர்.எஃப். பிடிக்கக் காரணம், அந்தப் பணம் உங்கள் பெயரில் வருகிறது; எதை ஆராய்வது என்பதை நீங்களும் நெறியாளரும் பேசி முடிவு செய்யலாம். நெறியாளர் வாங்கிய திட்டத்தில் ஆய்வாளராகச் சேர்ந்தால், கேள்வியும் அந்தத் திட்டத்தினுடையது. அதில் தவறில்லை. உங்கள் ஆய்வேட்டுக்கு அதில் எந்தப் பகுதி என்பதைச் சேரும் நாளிலேயே பேசிவிடுங்கள்.

கடைசியாக ஒன்று. இந்தத் துறையில் பணம் கொடுக்க இன்னொருவரும் காத்திருக்கிறார்: மதுவையும் புகையிலையையும் விற்பவர். மிதமாகக் குடிப்பது இதயத்துக்கு நல்லதா என்று பார்க்க அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிறுவனம் சுமார் 10 கோடி டாலரில் ஓர் ஆய்வைத் தொடங்கியது. அதில் பெரும்பகுதியை மது நிறுவனங்கள் தருவதாக இருந்தது. அந்தப் பணத்தை அதிகாரிகள் விதிகளை மீறித் தேடிப் போனதும், ஆய்வின் அமைப்பே மதுவுக்குச் சாதகமாகச் சாய்ந்திருந்ததும் வெளியே வந்தபின், 2018 ஜூனில் அதை நிறுத்திவிட்டார்கள். அதற்கு முந்தைய ஆண்டு, சிகரெட் நிறுவனமான ஃபிலிப் மாரிஸ் 12 ஆண்டுகளுக்கு ஆண்டுதோறும் சுமார் 8 கோடி டாலர் தருவதாகச் சொல்லி ஓர் ஆய்வு அறக்கட்டளைக்கு வழிசெய்தது. அமெரிக்காவிலும் கனடாவிலும் உள்ள 17 பொதுச் சுகாதாரக் கல்லூரிகள் அந்தப் பணம் வேண்டாம் என்று அறிவித்தன.

யார் பணம் தந்தாலும் கையெழுத்துப் போடுமுன் கேளுங்கள். திரட்டும் தரவு யாருக்குச் சொந்தம்? கட்டுரையை வெளியிடுமுன் அவர்களிடம் காட்ட வேண்டுமா? முடிவு அவர்களுக்கு எதிராக வந்தால் தடுக்க உரிமை உண்டா? பதிலை எழுத்தில் வாங்குங்கள், நெறியாளரும் உடன் இருக்கட்டும். எழுதித் தரத் தயங்கினால், எவ்வளவு பெரிய தொகையானாலும் விட்டுவிடுங்கள். அடுத்த நெட் தேர்வுக்கு ஆறு மாதம்தான் இருக்கிறது.