டிரங்குப் பெட்டியில் கிடைத்த கிஸ்தி ரசீது

(நம் சங்கத்தின் மூத்தோர் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)

நான் வங்கியில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். கடன் கேட்டு வருகிறவர்களிடம் "மூலப் பத்திரம் எங்கே, வில்லங்கம் எங்கே, வாரிசுச் சான்று எங்கே" என்று கேட்டே முப்பது வருஷத்துக்கு மேல் போனது. ஆனால் என் சொந்த வீட்டுக் காகிதத்தை ஓய்வு பெறும் வரை நான் பிரித்துப் பார்த்ததில்லை. அதனால் என்ன ஆனது என்பதைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

என் அப்பாரு இரண்டாம் உலகப் போரில் பயனியர் படையில் இருந்தவர். பயனியர் என்றால் துப்பாக்கியை விட மண்வெட்டியையும் கடப்பாரையையும் அதிகம் பிடித்த சிப்பாய். ரோடு போடுவது, சரக்கு ஏற்றி இறக்குவது எல்லாம் அவர்கள் வேலை. மதராஸ் பயனியர்கள் என்று பழைய படை ஒன்று இருந்தது. 1933-ல் அதைக் கலைத்துவிட்டார்கள். பெரிய போர் வந்ததும் அதே வேலைக்கு மறுபடி ஆள் எடுத்தார்கள். அப்படிப் போனவர் அப்பாரு.

காரமடைக்கு மேற்கே எங்களுக்கு இரண்டே கால் ஏக்கர் பூமி உண்டு. அதற்குப் பெயரே "பட்டாளத்துக் காடு". போரிலிருந்து திரும்பியவருக்குச் சர்க்கார் கொடுத்தது என்று நாங்கள் எல்லாரும் நம்பினோம். சிப்பாய்க்குக் கிடைத்த பூமி, ஆண் மக்களுக்குத்தான் என்று சொல்லி என் அய்யனும் பெரியப்பாவும் ஆளுக்குப் பாதி எடுத்துக்கொண்டார்கள். அத்தைகள் இரண்டு பேருக்கும் சீர் செய்ததோடு சரி.

அய்யன் காலமான பிறகு டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். அப்பாருவின் டிஸ்சார்ஜ் சர்ட்டிபிகேட் இருந்தது. படை எண், சேர்ந்த தேதி, விலகிய தேதி எல்லாம் அதில் தெளிவாக இருந்தன. விலகியது 1946. அதற்கு அடியில் ஒரு கட்டு கிஸ்தி ரசீது. மேலே இருந்த ரசீதில் "பசலி 1354" என்று போட்டிருந்தது.

பசலிக் கணக்கு தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பசலியோடு 590-ஐக் கூட்டினால் ஆங்கில வருஷம் வரும். ஜூலையில் தொடங்கும். ஆக பசலி 1354 என்பது 1944 ஜூலை முதல் 1945 ஜூன் வரை. 1946-ல் விலகி வந்தவருக்குக் கொடுத்த பூமிக்கு அதற்கு முன்பே கிஸ்தி கட்டியது எப்படி? ரசீதில் இருந்த பெயரோ அப்பத்தா பெயர்.

சார்பதிவாளர் அலுவலகத்தில் பழைய பதிவைத் தேட மனுப் போட்டேன். அங்கே இரண்டு வகை அட்டவணை உண்டு. ஒன்று ஆள் பெயர் வரிசை, மற்றொன்று சொத்து வரிசை. முதலில் அப்பாரு பெயரில் தேடினேன். ரங்கநாதர் குடியிருக்கும் ஊரில் ரங்கனையும் ரங்கசாமியையும் தேடினால் என்ன ஆகும்? பக்கம் பக்கமாக வந்தார்கள், எங்கள் ஆள் வரவில்லை. பிறகு அப்பத்தா பெயரைக் கொடுத்தேன். 1944-ம் வருஷக் கிரயப் பத்திரம் கிடைத்தது. கணவர் பட்டாளத்திலிருந்து அனுப்பிய பணத்தையும் தன் நகையை விற்ற பணத்தையும் வைத்து அப்பத்தா தன் பெயரில் வாங்கிய பூமி அது. சர்க்கார் ஒரு சென்ட் கூடக் கொடுக்கவில்லை.

அப்பத்தா இறந்தது 1971-ல், அப்பாருவுக்குப் பிறகு. 1956-ம் வருஷ இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் இல்லாவிட்டால் அவர் சொத்து மகன்களுக்கும் மகள்களுக்கும் சமமாகப் போக வேண்டும். பங்கு நான்கு. 1979 முதல் 1987 வரை நடந்த நிலவுடைமைப் பதிவு மேம்பாட்டில் பட்டா மகன்கள் பெயருக்கு வந்துவிட்டது. ஆனால் பட்டா வருவாய்த் துறைக் கணக்கு. அது மட்டும் உரிமையாகிவிடாது. இதை வங்கியில் எத்தனை பேருக்கு நானே சொல்லியிருப்பேன்!

பெரிய அத்தை இப்போது இல்லை. சிறுமுகையில் இருக்கும் சின்ன அத்தையிடம் நகலை எடுத்துக்கொண்டு போனேன். வயது 86. நான் படித்துக் காட்டியதும் சொன்னார்: "எனக்குத் தெரியுங் கண்ணு. ஆத்தா தோட்டைக் கழட்டிக் குடுத்தப்ப நான் பக்கத்துலதான் நின்னேன். நீங்க ஆரும் கேக்கலையே."

எனக்குப் பதில் வரவில்லை.

எங்கள் அய்யன் எடுத்த பாதி எனக்கும் தம்பிக்கும் வந்திருந்தது. அதில் பாதி எங்களுடையது அல்ல. தம்பியை ஒத்துக்கொள்ள வைக்க ஒரு மாதம் ஆனது. வக்கீலை வைத்து, சின்ன அத்தைக்கும் பெரிய அத்தை மக்களுக்கும் எழுதிப் பதிந்து கொடுத்துவிட்டோம். பெரியப்பா மக்கள் இன்னும் சம்மதிக்கவில்லை. இந்தத் தீபாவளிக்கு நாங்கள் போகும் வீட்டில் ஒன்று குறைந்தது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

நம் குடியிருப்பிலும் "தாத்தா மிலிட்டரி" என்று சொல்லும் வீடுகள் உண்டு. தேட நினைப்பவர்களுக்குச் சில வழிகள்.

முதலில் படை எண்ணைக் கண்டுபிடியுங்கள். டிஸ்சார்ஜ் காகிதம், பென்ஷன் புத்தகம் இவற்றில் இருக்கும். சில பதக்கங்களின் விளிம்பில் கூடப் பொறித்திருக்கும். மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் மையம் நமக்கு மேலே வெலிங்டனில் இருக்கிறது. மெட்ராஸ் சேப்பர்ஸ், பயனியர் படை இரண்டுக்கும் பெங்களூரு. போரில் இறந்தவராக இருந்தால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் பெயர் போட்டுத் தேடலாம். இரண்டாம் போருக்கு 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரை இறந்தவர்கள் அதில் இருப்பார்கள். உயிரோடு திரும்பியவர்களை அங்கே தேட வேண்டாம்.

மாவட்டப் பெயரைப் பார்த்துக் குழம்பாதீர்கள். ஈரோடு 1979-ல் பெரியார் மாவட்டமாகவும், திருப்பூர் 2009-லும் பிரிந்தன. அதற்கு முந்தைய காகிதத்தில் அந்த ஊர்களும் கோயமுத்தூர் ஜில்லாவில்தான் இருக்கும்.

பத்திரத்தைப் பாட்டி பெயரிலும் தேடுங்கள். படைக் காகிதத்தின் தேதியையும் நிலக் காகிதத்தின் தேதியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால், வீட்டில் வயதான அத்தையோ அம்மிச்சியோ இருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமையே போய்க் கேளுங்கள். சார்பதிவாளர் அலுவலகம் திங்கட்கிழமையும் திறந்திருக்கும்.

பசலிக் கணக்கோ பழைய பத்திரமோ புரியவில்லை என்றால் மாலையில் நான் நடக்க வரும்போது கொண்டு வாருங்கள். சேர்ந்து படிப்போம்.