மேகம் மூடிய ராத்திரியும் வெளுத்த வானமும்



"பூமி சூடாகிறது என்கிறார்களே, பின்னே ஏன் இந்தக் குளிர்?" பனிக்காலம் வந்தால் டீக்கடைதோறும் இந்தக் கேள்விதான். நியாயமான கேள்வி, கேட்டவரைக் கேலி செய்யக் கூடாது.

2024 ஜனவரியில் ஊட்டிப் புல்வெளிகளில் உறைபனி வெளுத்துக் கிடந்தது. அன்றும் இதையேதான் கேட்டார்கள். அந்த ஆண்டு எப்படி முடிந்தது? 1901 முதல் கணக்கெடுத்ததில் இந்தியாவுக்கு அதுதான் மிகச் சூடான ஆண்டு. கோடையில் நம் மேட்டூர் நீர்த்தேக்கம் வற்றி, பண்ணவாடியில் நந்தி சிலை வெளியே தெரிந்தது. நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல். அரூரில் ஒரே நாளில் 33 சென்டிமீட்டர் மழை!

சூடு ஏன் ஏறுகிறது? ராகிக் களத்தில் காவல் படுத்தவர்களைக் கேட்கிறேன்: எந்த ராத்திரி அதிகம் குளிரும்? மூட்டம் போட்ட ராத்திரியா, வானம் துடைத்துவிட்டு நட்சத்திரம் பூத்த ராத்திரியா? மூட்டம் போட்டால் பனி இறங்காது. பகலில் வாங்கிய சூட்டை மண் ராத்திரியில் மேலே விடுகிறது. மேகம் அதை மறித்துத் திருப்பி அனுப்புகிறது. மேகம் இல்லையென்றால் சூடு போய்விடும், விடிகாலையில் தட்டுப்போர் நனைந்து கிடக்கும்.

மேகம் செய்கிற அதே வேலையைக் கண்ணுக்குத் தெரியாமல் செய்வது கரியமில வாயு. 1859-லேயே டிண்டால் என்ற அறிஞர் சோதனைச்சாலையில் அளந்து காட்டிவிட்டார். ஆலைகள் பெருகுமுன் காற்றில் பத்து லட்சத்துக்கு 280 பங்கு இருந்தது. இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. எரித்த நிலக்கரி, பெட்ரோல், டீசல், அழித்த காடு, எல்லாம் சேர்ந்த கணக்கு அது.

"சூரியன்தான் காரணம்" என்பாரும் உண்டு. அப்படியானால் வானத்தின் மேலடுக்கும் சேர்ந்து சூடாகியிருக்க வேண்டும். அங்கேயோ குளிர்ந்துகொண்டு வருகிறது. சூடு கீழேயே மடக்கப்படுகிறது என்பதற்கு வேறென்ன சாட்சி வேண்டும்?

பனி இனியும் வரும். ஒரு மார்கழியை வைத்து எதையும் முடிவுகட்ட முடியாது. ஆனால் யார் எரித்தது என்பதில் எனக்குக் கோபம் உண்டு. நூற்றைம்பது ஆண்டாக எரித்துத் தள்ளிய நாடுகளையும், மானாவாரியில் விதைத்துவிட்டு மழைக்கு அண்ணாந்து நிற்கும் நம் குடியானவரையும் ஒரே தட்டில் நிறுத்த நான் சம்மதிக்க மாட்டேன்.

ஒரு மார்கழி போதாது, பல ஆண்டு அளவு நம் கையில் வேண்டும். அதற்காக ஒரு கோரிக்கை. நம் ஏரியூர் ஒன்றியத்தின் பள்ளிகள்தோறும் ஒரு மழைமானியும், நாளின் உச்ச வெப்பத்தையும் குறைந்த வெப்பத்தையும் காட்டும் வெப்பமானியும் வேண்டும். தினமும் காலை எட்டரைக்குப் பிள்ளைகள் அளவெடுத்து, வாசல் பலகையில் ஊர் பார்க்க எழுதட்டும். செலவு பெரிதல்ல. ஊர்ப் பெரியவர்கள் முன்வரிசையில் இருக்கிறீர்கள். வரும் ஜூனில் பள்ளி திறப்பதற்குள் இதைச் செய்து கொடுங்கள்.