பீரோவில் இருக்கும் வரைபடம் போனில் தெரிய வேண்டும்

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)



போன மழைக்காலத்தில் பி பிளாக் தரைத்தளச் சுவரில் ஈரம் ஊறியது உங்களுக்கு நினைவிருக்கும். பைப் எந்த வழியாகப் போகிறது என்று தெரியாமல் பிளம்பர் மூன்று இடத்தில் சுவரை உடைத்தார். அந்த வழியைக் காட்டும் வரைபடம் சங்கத்து பீரோவில்தான் இருந்தது. ஸ்கேனும் செய்திருந்தோம். ஆனால் குரூப்பில் போட்டதும் படம் சுருங்கி, எழுத்து கலங்கிவிட்டது. முழுக் கோப்பை அனுப்பினாலோ போன் திணறியது.

காரணம் எளிது. ஏ1 தாளின் அளவு 841 × 594 மி.மீ. அதை 300 டிபிஐ-யில் ஸ்கேன் செய்தால் ஏறத்தாழ 7 கோடி புள்ளிகள். அதை விரிக்க சுமார் 210 எம்பி நினைவகம் வேண்டும். நம் போன் திரையின் அகலமோ ஆயிரம் புள்ளி சொச்சம்தான்.

ஜவுளிக் கடையில் இரண்டு மீட்டர் துணி வேண்டுமென்றால் முழுத் தானையுமா வீட்டுக்குத் தூக்கி வருகிறோம்? கடைக்காரர் வெட்டித் தருகிறார். படச் சர்வர் செய்வதும் அதுதான். எந்தப் படம், அதில் எந்தப் பகுதி, எந்த அளவில் என்று கேட்டால் அதை மட்டும் வெட்டி அனுப்பும். இப்படிக் கேட்பதற்கு உலக நூலகங்கள் சேர்ந்து 'டிரிபிள் ஐ எஃப்' என்ற பொது விதியை வைத்திருக்கின்றன. ஈழத்துத் தமிழ் ஆவணங்களைப் பாதுகாக்கும் நூலக நிறுவனத்தின் 'ஆவணகம்' இஸ்லண்டோரா என்ற மென்பொருளில் இயங்குகிறது. அந்த இஸ்லண்டோராவோடு சேர்ந்து ஓடுவது 'கேண்டலூப்' என்ற இலவசப் படச் சர்வர். நாமும் அதையே எடுத்துக்கொண்டோம்.

நம் பராமரிப்புக் கணக்கு ஏற்கெனவே ஒரு சிறிய வாடகை சர்வரில் 'டாம்கேட்' மேல் ஓடுகிறது. கேண்டலூப் 4-ஆம் பதிப்பின் வார் கோப்பை டாம்கேட்டின் வெப்ஆப்ஸ் ஃபோல்டரில் போட்டால் அதுவும் அங்கேயே ஓடும். 5-ஆம் பதிப்பு தனியாகத்தான் ஓடும். அமைப்புக் கோப்பு எங்கே இருக்கிறது என்று டாம்கேட் தொடங்கும்போதே சொல்ல வேண்டும். படங்கள் இருக்கும் ஃபோல்டரை அந்தக் கோப்பில் எழுத வேண்டும்.

முதல் நாள் நன்றாக ஓடியது. இரண்டாம் நாள் நாலைந்து பேர் ஒரே நேரத்தில் திறந்ததும் கணக்கும் சேர்ந்து படுத்துவிட்டது. சர்வரின் நினைவகம் 2 ஜிபி. நாம் எதுவும் சொல்லாவிட்டால் ஜாவா அதில் கால் பங்குக்கு மேல் எடுக்காது. 512 எம்பியில் 210 எம்பி படம் எத்தனை விரியும்? தவறு என்னுடையது.

மூன்று மாற்றங்கள் செய்தேன். ஜாவாவின் உச்சவரம்பை 1 ஜிபி ஆக்கினேன். ஒவ்வொரு வரைபடத்தையும் சிறு கட்டங்களாகப் பிரித்து, பல அளவுகளை அடுக்கி வைக்கும் 'பிரமிட் டிஃப்' வடிவத்துக்கு மாற்றினேன். இதனால் கேட்ட கட்டத்தை மட்டும் படித்தால் போதும். ஒருமுறை வெட்டிய துண்டைச் சேமித்து வைக்கும் கேஷையும் போட்டேன். பிறகு விழவில்லை.

கோப்புக்குப் பெயர் வைக்கும்போது சாய்கோடு போடாதீர்கள். முகவரியில் அது மாறுவேடத்தில் வந்தால் டாம்கேட் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும். 'பி-பிளாக்-தண்ணீர்-1' என்பது போல இருக்கட்டும்.

முக்கியமான விஷயம் ஒன்று. வீட்டின் வரைபடம் திருடனுக்கும் வழிகாட்டும். அதனால் டாம்கேட்டின் 8080 கதவை வெளியே மூடிவிட்டு, முன்னால் என்ஜின்எக்ஸை நிறுத்தி, பாஸ்வேர்டு வைத்திருக்கிறேன். செயலாளரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். குரூப்பில் போட வேண்டாம்.

பீரோவில் இருக்கும் தாள்களின் மடிப்புகள் கிழியத் தொடங்கிவிட்டன. மின்சாரம், கழிவுநீர் வரைபடங்கள் இன்னும் ஸ்கேன் ஆகவில்லை. அடுத்த மழைக்குள் முடிக்க வேண்டும். இந்த அமைப்பு எனக்கு மட்டும் தெரிந்திருப்பதும் சரியல்ல. பிள்ளைகளில் இரண்டு பேர் ஞாயிற்றுக்கிழமை வந்தால் கற்றுத் தருகிறேன். அடுத்த முறை சுவரில் ஒரே ஓட்டை போதும்.